நான்காம் ஆண்டு மாணவர்கள் திருத்திய தலவரலாறு



நம் அறக்கட்டளையின் கல்வி நிதி எவ்வாறு செலவிடப்பட்டது என்பதை ஆண்டுதோறும் இம்மலரில் தெரிவிப்பது வழக்கம். இவ்வாண்டு அந்தப் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் கொடுத்தது. 2025ஆம் கல்வியாண்டில் நம் ஆலயத்தை அடுத்துள்ள தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பு மேற்கொண்ட வரலாற்றுப் பணிக்கு நாம் உதவினோம். அந்தப் பதினான்கு பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன கற்றார்கள் என்று எழுதுவதே என் வேலை. எழுத உட்கார்ந்தபோதுதான், அவர்கள் கற்றதைவிட நான் கற்றது அதிகம் என்பது விளங்கியது. என் பிழை ஒன்றையும் இதே மலரில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பரிசு நிதி வகுப்பு நிதியானது

1988 முதல் நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்ற மாணவர்களுக்கு நவராத்திரி விழாவில் பொன்னாடை போர்த்தி, பணமுடிப்பும் கொடுத்து வந்தோம். 2020இல் நோய்ப்பரவலால் தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அத்தேர்வே அகற்றப்பட்டது. அதன்பின் வகுப்பறையிலேயே ஆசிரியர் மாணவரின் அடைவை மதிப்பிடும் முறை நிலைத்தது.

அப்போது நம் குழுவில் ஒரு குழப்பம் எழுந்தது. "தேர்வு இல்லை என்றால் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள், நாம் யாருக்குப் பரிசு கொடுப்பது?" என்று நன்கொடையாளர்கள் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், தனி மாணவருக்குப் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும் பணிக்கு உதவலாம் என்று நான் சொன்னேன். குழுவினர் அரைமனத்துடன் இசைந்தனர்.

நான்காம் ஆண்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வரலாறு என்னும் பாடத்தை மாணவர்கள் முதன்முதலாகப் படிப்பது நான்காம் ஆண்டில்தான். 2014 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. முதலில் வரலாறு என்றால் என்ன என்று கற்று, பிறகு தன்னையும் குடும்பத்தையும், தன் பள்ளியையும், தான் வாழும் இடத்தையும் அறிந்து, அதற்குப் பின்னரே மலாக்கா முதலிய பெரிய வரலாறுகளுக்குச் செல்கிறார்கள். வீட்டிலிருந்து நாட்டுக்குப் போகும் நல்ல வழி இது.

வகுப்பாசிரியை இளம் வயதினர். "பாடநூலில் வாய்மொழிச் சான்று, எழுத்துச் சான்று, பொருட்சான்று என்று படிக்கிறார்கள். அவற்றைத் தொட்டுப் பார்க்க ஓரிடம் வேண்டும். ஆலயத்தைக் கொடுப்பீர்களா ஐயா?" என்று கேட்டார். மறுக்க முடியுமா?

ஆலயமும் பள்ளியும் இரட்டைப் பிள்ளைகள்

இங்கே சிறிது பழங்கதை சொல்ல வேண்டும். நம் நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்போடு பிறந்தது என்பர். அதன் 200ஆம் ஆண்டை 2016இல் கொண்டாடினோம். ஆனால் தமிழ்ப்பள்ளி பரவியது ரப்பர்த் தோட்டங்களில்தான். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற தொழிலாளர் சட்டம் ஒரு பக்கம் இருந்தது. பள்ளி எங்கே இருந்தாலும் அருகில் அம்மன் கோயில் ஒன்றும் இருந்தது. லயத்து மக்கள் தங்கள் பிள்ளைகளை இரண்டு இடத்திலும் விட்டு வளர்த்தார்கள்.

1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டும், மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தும் இன்று அவை ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. தென் கெடாவில் உள்ள நம் தோட்டமும் இன்று குடியிருப்புப் பகுதியாகிவிட்டது. பால்மரம் ஒன்றுகூட இல்லை. எஞ்சி நிற்பவை ஆலயமும் பள்ளியுமே. அந்தப் பள்ளியின் நான்காம் ஆண்டில் பதினான்கு பேர். முதலாம் ஆண்டில் ஆறு பேர். இந்த எண்ணையும் அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்பாடம்: கல் சொன்னது

ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகள் குறிப்பேடும் பென்சிலுமாக வந்தார்கள். "இந்த ஆலயத்தின் வயதைச் சொல்லும் பொருள்களைக் கண்டுபிடியுங்கள்" என்றார் ஆசிரியை. மணியில் பொறித்த ஆண்டு, பித்தளைக் குத்துவிளக்கில் வெட்டிய உபயக்காரர் பெயர், அலுவலகத்தில் மாட்டிய பழைய படம் என்று ஓடி ஓடி எழுதினார்கள். கடைசியில் மகாமண்டபச் சுவரில் பதித்த சலவைக்கல்லின் முன் கூடினார்கள். 1964இல் கட்டி முடிக்கப்பட்ட கற்கட்டடத் திருப்பணிக்குப் பொருளுதவி செய்த ஒன்பது பெருமக்களின் பெயர்கள் அதில் உள்ளன.

ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, இதுல பொம்பளைங்க பேர் ஒண்ணுமே இல்லையே. அவங்க எதுவும் கொடுக்கலியா?"

"அந்தக் காலம் அப்படி அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். ஆசிரியராக இருந்தவன் சொல்லத் தகாத விடை அது. ஆசிரியை அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டார் என்பது பிறகே தெரிந்தது.

இரண்டாம் பாடம்: கணக்குப் புத்தகம் சொன்னது

அடுத்த முறை வந்தபோது எழுத்துச் சான்று தேடினார்கள். பண்டக அறையின் இரும்புப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். ரசீதுக் கட்டைகள், அழைப்பிதழ்கள், அவற்றின் அடியில் தடித்த அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று. இந்தப் புத்தகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 2007ஆம் ஆண்டுக் குடமுழுக்கு மலரில் நம் தலவரலாற்றை எழுதியவன் நான்தான். அப்போது இதைப் புரட்டிவிட்டு, "வெறும் சந்தாக் கணக்கு" என்று மூடி வைத்தேன். சலவைக்கல்லைப் பார்த்து, "ஒன்பது வள்ளல்கள் எழுப்பிய ஆலயம்" என்று எழுதினேன்.

பிள்ளைகள் மூடி வைக்கவில்லை. 1962 ஆகஸ்டு முதல் 1964 செப்டம்பர் வரை 26 மாதங்கள். இடப்பக்கம் 112 பெயர்கள். ஆணுக்கு மாதம் ஒரு வெள்ளி, பெண்ணுக்கு ஐம்பது காசு. கொடுத்தவர் பெயருக்கு நேரே சிறு கோடு, கொடாதவருக்கு வெற்றுக் கட்டம். ஆசிரியை ஒவ்வொரு மாணவருக்கும் எட்டுப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தார். பதினான்கு பேருக்கும் சரியாக வந்தது.

ஆண்கள் 68 பேர், பெண்கள் 44 பேர். எல்லாரும் தவறாமல் கொடுத்திருந்தால் மாதம் 90 வெள்ளி, 26 மாதத்துக்கு 2,340 வெள்ளி. பிள்ளைகள் கோடுகளை எண்ணிக் கூட்டியபோது 2,107 வெள்ளி 50 காசுதான் வந்தது. மூன்று முறை கூட்டினார்கள். அதே தொகை. பின்பக்கத்தில் ஒன்பது பெருமக்கள் கொடுத்த தொகை 3,000 வெள்ளி என்று தனியே எழுதப்பட்டிருந்தது. ஆக மொத்தம் 5,107 வெள்ளி 50 காசு. அதில் தொழிலாளர் பங்கு ஐந்தில் இரண்டுக்குச் சற்று மேல்.

ஒரு மாணவன் 2007 மலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, மலர்ல ஒன்பது பேர்னு போட்டிருக்கு. நோட்டுல இத்தனை பேர் இருக்காங்களே?"

"அது சந்தா தம்பி. விளக்கெண்ணெய், பூசை செலவுக்கு வாங்கியது. திருப்பணி வேறு" என்றேன்.

"அந்தக் காசு எதுக்குப் போச்சுன்னு எழுதியிருக்கா ஐயா?"

செலவுப் பக்கங்களைத் திருப்பினோம். சிமெண்டு, செங்கல், கொத்தனார் கூலி, சிற்பிக்கு முன்பணம். மாதச் சந்தா வந்த மறுவாரமே கொத்தனார் கூலி கொடுக்கப்பட்டிருக்கிறது. பெருந்தொகைகள் அடித்தளத்துக்கும் விமானத்துக்கும் உதவின. இடையில் வேலை நின்றுவிடாமல் சுவரை எழுப்பியது ஒரு வெள்ளியும் ஐம்பது காசும்தான். எனக்குப் பேச்சு எழவில்லை. பத்து வயதுப் பிள்ளை திருப்பிய பக்கத்தை நான் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் திருப்பவில்லை.

மூன்றாம் பாடம்: வெற்றுக் கட்டங்கள்

"ஏன் சில மாதங்களில் நிறையப் பேர் கொடுக்கவில்லை?" என்பது அடுத்த கேள்வி. வெற்றுக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிப் பார்த்தார்கள். செப்டம்பர், அக்டோபரில் மிகுதி. பிப்ரவரி, மார்ச்சிலும் கொஞ்சம் மிகுதி. புத்தகத்தில் விடை இல்லை. ஆகவே மூத்தோரைக் கேட்கப் புறப்பட்டார்கள்.

கேட்பதற்கும் பயிற்சி நடந்தது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். "எப்படி", "யார் யார்" என்று கேட்க வேண்டும். பேசும்போது குறுக்கிடக் கூடாது. முதலில் அனுமதி பெற வேண்டும். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரியவர்களால் சொல்ல முடியவில்லை. "ஜப்பான்காரன் காலத்துக்கு அப்புறம்", "சுதந்திரம் கெடச்சு கொஞ்ச வருசம்", "இந்தோனேசியா சண்டை சமயம்" என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் சுவரில் ஒரு காலக்கோடு வரைந்து 1941, 1945, 1957, 1963 என்று குறித்து, ஒவ்வொரு பேச்சையும் அதன் இடத்தில் ஒட்டினார்கள். வெள்ளி என்பதுதான் இன்றைய ரிங்கிட் என்பதையும், ஒரு வெள்ளிக்கு அன்று என்ன வாங்கலாம் என்பதையும் அப்படித்தான் அறிந்தார்கள்.

வெற்றுக் கட்டங்களுக்கு விடை சொன்னவர் 81 வயது மூதாட்டி ஒருவர். "மழை பெஞ்சா பால் வெட்டு இல்ல கண்ணு. வெட்டு இல்லாட்டி கூலி இல்ல. எல உதுர்ற மாசத்துல மரத்துல பாலும் கொறஞ்சிரும்" என்றார். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோப்பையில் இறங்காமல் மரத்தில் வழிந்து வீணாகும் என்பதும், ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் பால் குறையும் என்பதும் அன்றைய அறிவியல் பாடமாயின.

அம்மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பெயரும் அந்த 112இல் இருந்தது. வாசிப்பில் பின்தங்கிய மாணவன் ஒருவன்தான் அந்தப் பெயருக்குப் பொறுப்பு. பாலர் பள்ளிக்குப் போக வேண்டிய 2020, 2021 ஆண்டுகளில் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். பழைய கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அவர் பெயரைப் படித்துக் காட்டினான்.

"என் பேரா? என் பேரா எழுதியிருக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். "எங்க, காட்டு" என்றார். அவன் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்க வெகுநேரம் ஆனது.

அவர் பெயருக்கு நேரே 1963இல் மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்கள் வெற்றாக இருந்தன. மழைக்காலம் இல்லையே என்று பையன் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "அப்பத்தான் மூத்தவன் பொறந்தான்" என்றார். மூத்த மகன் பக்கத்திலேயே இருந்தார். ஆசிரியை அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். எண்ணின் தொடக்கம் 63, அடுத்த இரண்டு இலக்கம் 06. பிறந்த ஆண்டும் மாதமும் அட்டை எண்ணிலேயே இருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் ஒரு வாய்மொழியை ஓர் ஆவணம் மெய்ப்பிக்கிறது என்று அதைக் கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டியதை நான் அன்றுதான் கண்டேன்.

புத்தகத்திலும் இல்லாதது

பெண்கள் கொடுத்தது ஐம்பது காசு மட்டுமன்று என்பதும் அந்த நேர்காணல்களில்தான் தெரிந்தது. காலையில் பால் வெட்டி, கோப்பைப் பால் எடுத்து, நிறுவை முடிந்து வந்தபின், மாலையில் ஆற்று மணலைக் கூடையில் சுமந்து வந்து கோயில் வாசலில் கொட்டியிருக்கிறார்கள். நான்கு பாட்டிமார் தனித்தனியே இதைச் சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தில் மணல் வாங்கிய செலவே இல்லை என்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். சிமெண்டு உண்டு, செங்கல் உண்டு, மணல் இல்லை. அந்த வெற்றிடமே பாட்டிமார் சொல்லுக்குச் சான்றாயிற்று.

வாய்மொழி எல்லாம் உண்மை என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளவில்லை. நிலத்தைக் கொடுத்தவர் அக்காலக் கிராணி என்று பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். பெட்டியில் இருந்த கடிதமோ தோட்ட நிர்வாகம் இடம் ஒதுக்கியதாகக் கூறியது. கிராணி நிர்வாகத்திடம் பேசி வாங்கித் தந்திருக்கலாம். ஆசிரியை இரண்டையும் எழுதச் சொன்னார்: "என்று கூறப்படுகிறது", "என்று எழுதப்பட்டுள்ளது". இந்த இரண்டு சொற்றொடர்களின் வேற்றுமையை அறிந்துகொண்ட பிள்ளை, நாளை எந்தச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது.

குழுவில் நடந்தது

இதை நிர்வாகக் குழுவில் வைத்தபோது எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. "ஒன்பது குடும்பத்தார் இன்றும் நமக்கு உதவி வருகிறார்கள். அவர்கள் மனம் நோகுமே" என்றார் ஒருவர். "சிறுபிள்ளைகள் வேலையை ஏன் பெரிதாக்க வேண்டும்?" என்றார் மற்றொருவர். பிழை என்னுடையது, பிள்ளைகளுடையது அன்று என்று நான் சொன்னேன். ஒன்பது பேர் கொடுக்காமல் இருந்தால் கட்டடம் தொடங்கியிருக்காது. 112 பேர் கொடுக்காமல் இருந்தால் முடிந்திருக்காது. ஒருவர் புகழை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க நாம் கேட்கவில்லை.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்க உதவியவர்கள் இதே தொழிலாளர்கள்தாம். சிறுதொகையின் ஆற்றலை அறிந்த சமுதாயம் நம்முடையது. அதன் பெயர்களை நம் சுவரில் எழுத நமக்குத் தயக்கம் எதற்கு?

கடைசியில் அந்த ஒன்பது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த அன்பரே எழுந்து, "எங்கள் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். அவருக்கும் அதுதான் பெருமை" என்றார். பழைய சலவைக்கல் அப்படியே இருக்க, அதன் அருகில் 112 பெயர்களுடன் புதிய பலகை வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்று வருகிறோம். அது முடியும்வரை பெயர்களை இம்மலரில் அச்சிடவில்லை.

ஆண்டிறுதியில் பிள்ளைகள் ஆலய மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய அந்த மாணவன் ஒலிபெருக்கியில் தன் எட்டுப் பெயர்களையும் படித்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான், நிறுத்தவில்லை. முன்வரிசையில் அந்த மூதாட்டி அமர்ந்திருந்தார்.

செலவுக் கணக்கு

நன்கொடையாளர்களுக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். பேருந்து வாடகை 500 ரிங்கிட், படியெடுப்பும் கோப்புகளும் 230, கண்காட்சிப் பலகைகள் 300, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி 150. மொத்தம் 1,180 ரிங்கிட். இக்கணக்கையும் மாணவர்களே எழுதி, ரசீதுகளை இணைத்துக் கொடுத்தார்கள். "நோட்டு எழுதினவரு மாதிரியே எழுதியிருக்கோம் ஐயா" என்றார்கள்.

அன்பர்களுக்கு வேண்டுகோள்

மற்ற ஆலயத்தாரும் இல்லத்தாரும் பின்பற்றத்தக்க சில வழிகளை இப்பணியிலிருந்து தொகுத்துத் தருகிறேன்.

1. பழைய கணக்குப் புத்தகம், ரசீது, கடிதம் எதையும் குப்பை என்று எறியாதீர்கள். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். ஒட்டுநாடா ஒட்டுவதும் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி மூடுவதும் தாளைக் கெடுத்துவிடும்.

2. எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

3. பழைய புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

4. வீட்டில் எண்பது வயது கடந்தவர் இருந்தால் இம்மாதமே அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். கேட்டவர் பெயரையும் நாளையும் சேர்த்து எழுதுங்கள்.

5. இந்தப் பணிகளில் ஒரு பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கேட்கத் தவறும் கேள்வியை அது கேட்கும்.

அந்த 112 பேரில் எவருடைய பேரப்பிள்ளைகளாவது இதைப் படித்தால், ஆலய அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் பாட்டன் பாட்டியின் பெயரை விரல் வைத்துப் பார்க்கலாம். முதலாம் ஆண்டில் ஆறு பிள்ளைகளே உள்ள பள்ளி நம் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் மறவாதீர்கள். அவர்கள் நான்காம் ஆண்டுக்கு வரும்போதும் அந்த இரும்புப் பெட்டி அவர்களுக்காகத் திறந்திருக்கும்.

2007 மலரில் நான் எழுதிய "ஒன்பது வள்ளல்கள் எழுப்பிய ஆலயம்" என்ற வரியை, "தோட்ட மக்கள் அனைவரும் சேர்ந்து எழுப்பிய ஆலயம்" என்று திருத்தி வாசிக்குமாறு அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திருத்திய பெருமை நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் அவர்தம் ஆசிரியைக்கும் உரியது.

கொடுத்தவர் அனைவரையும், பெயர் தெரிந்தவரையும் தெரியாதவரையும், அன்னை காத்தருள்வாளாக.